செயின் கவரில் யார் பெயர்?

கொல்லிமலைக்கு நாமக்கல், சேந்தமங்கலம் பக்கமிருந்து ஏறுகிறவர்களுக்கு எங்கள் காரவள்ளிதான் வாசற்படி. இங்கிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு வளைவு நம்பர் எழுதிப் பலகை நட்டிருக்கிறார்கள். பஸ்ஸில் போகிற குழந்தைகள் நம்பரை எண்ணிக்கொண்டே போகும். பாதி வழியில் தலை சுற்றி, எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு கண்ணை மூடிக்கொள்கிற பெரியவர்களும் உண்டு.

இப்போது சில வருஷங்களாக ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் இந்த ரோட்டில் சைக்கிள்காரர்கள் வருகிறார்கள். பால் ஊற்றுகிறவர்களோ கீரை விற்கிறவர்களோ இல்லை. தலைக்குக் கவசமும் உடம்பைப் பிடித்த பனியனுமாக, மலை ஏறிப் பார்ப்பதற்கென்றே டவுனிலிருந்து வருகிறவர்கள். டீக்கடையில் நின்றிருந்த ஒருவரின் முதுகில் எங்கள் மலைப் பாதையையே படமாக அச்சடித்திருந்தது. மலைக்கு ஒரு கோடு. அதற்குள்ளே கீழேயிருந்து மேலே நெளிந்து நெளிந்து போகிற பாதை. தூரத்தில் பார்த்தபோது ஏதோ சிக்குக் கோலம் என்றுதான் நினைத்தேன்.

கொண்டை ஊசி நம் தலையில் இருக்கிற சாமான். அந்தப் பேரை ரோட்டுக்கு வைத்தார்கள். ரோட்டைப் படமாக்கிப் பனியனில் போட்டார்கள். பனியனைப் போட்டுக்கொண்டு ஏறுகிறவர்களில் மட்டும் பெண்கள் ஒன்றிரண்டு பேர்தான். சைக்கிளைச் சுற்றி உலகத்தில் எத்தனையோ சித்திரமும் அலங்காரமும் இருக்கின்றன. அதில் பெண்ணுக்கு எந்த இடம் கொடுத்திருக்கிறார்கள் என்ற யோசனை அன்றிலிருந்து என்னை விடவில்லை. படித்ததையும் பார்த்ததையும் சகோதரிகளோடு பகிர்ந்துகொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

அலங்காரம் நம்முடையது, சவாரி அவர்களுடையது

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது ஒரு வீட்டில் புது சைக்கிள் வாங்கினால், கறவை மாடு வாங்கியது போல விசேஷம். அக்கம்பக்கத்தார் எல்லாரும் வந்து மணியை ஒரு தடவை அடித்துப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். ஹாண்டில் பாருக்குக் கீழே முன்பக்கம் ஒரு சின்னத் தகடு இருக்கும். ராலி வண்டியில் நாரையின் தலை. அட்லஸ் வண்டிக்குப் பூமி உருண்டையைத் தோளில் தாங்குகிற ஆள். அம்பத்தூரில் 1949-ல் ஆரம்பித்த டி.ஐ. சைக்கிள் கம்பெனியின் ஹெர்குலிஸ் வண்டியோ, கிரேக்கக் கதையில் வரும் ஒரு பலசாலியின் பேரைத் தாங்கி வந்தது. அப்புறம் ஹீரோ, அர்த்தம் சொல்லவே வேண்டாம். எல்லாம் பயில்வான்கள் பேர்தான்.

அந்தப் பயில்வானுக்குச் செய்த அலங்காரத்தைப் பாருங்கள். ஹாண்டில் பிடியில் குஞ்சலம். சக்கரக் கம்பிகளில் கலர் கலராக மணி. சக்கரத்தின் நடுக்குடத்தில் பூப்பந்து மாதிரி ஒரு வளையம். வண்டி ஓட ஓட அது தானே குடத்தைத் துடைத்துப் பளபளவென்று வைக்கும். சீட்டுக்குக் குரோஷா ஊசியால் பின்னிய உறை, அதன் விளிம்பிலும் குஞ்சலம். இரண்டு பக்கமும் முகம் பார்க்கும் கண்ணாடி. ஆயுத பூஜையன்று சந்தனம், குங்குமம், பூச்சரம். குஞ்சலம், மணி, பூ, கண்ணாடி, பொட்டு, இவையெல்லாம் யாருடைய அலங்காரம்? சீட்டு உறையைப் பின்னியவளும் அந்த வீட்டு அக்காவோ தங்கையோதான். வண்டியில் ஏறுகிறது மட்டும் அண்ணன்.

எல்லாவற்றுக்கும் மேலாக செயின் கவர். அதில் ஆயில் பெயிண்டால் பேர் எழுதி, இரண்டு பக்கமும் தாமரையோ கிளியோ வரைவார்கள். எங்கள் நாமக்கல் பக்கம் லாரிக்கு பாடி கட்டுவதில் பேர்பெற்றது. லாரியின் நெற்றியில் சாமி பேரும், பின்பக்கம் பூவும் பறவையும் எழுதுகிற பெயிண்டர்களே ஓய்ந்த நேரத்தில் சைக்கிளுக்கும் எழுதிக் கொடுப்பார்கள். எழுத்துக்கு நிழல் விட்டு எழுதினால், தகட்டிலிருந்து எழுந்து நிற்கிற மாதிரி இருக்கும். அப்பா பேர், மகன் பேர், கட்சித் தலைவர் பேர் எல்லாம் பார்த்திருக்கிறேன். வாடகை சைக்கிள் என்றால் கடையின் பேரும் நம்பரும். ஒரு பெண்ணின் பேர் எழுதிய செயின் கவரை என் பள்ளிக்கூட நாட்களில் நான் பார்த்ததில்லை.

பங்களாதேஷின் தலைநகரான டாக்காவில் சைக்கிள் ரிக்‌ஷாக்களின் பின்பலகையில் சினிமா நட்சத்திரமும் மயிலும் பூவுமாக வரைகிறார்கள். அந்தச் சித்திரக் கலையை 2023-ல் யுனெஸ்கோ தன் பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. நம்மூர் செயின் கவர் சித்திரம் எந்தப் பட்டியலிலும் இல்லை. மிஷினில் வெட்டிய ஸ்டிக்கர் வந்தது, பிளெக்ஸ் வந்தது, பிரஷ் பிடித்த கைகள் வேறு வேலைக்குப் போய்விட்டன.

பாரிஸ் சுவரொட்டியில் ஒரு கூந்தல்

இன்று நாம் பார்க்கிற உருவத்தில், இரண்டு சமமான சக்கரமும் செயினுமாக, சைக்கிள் பெயர்பெற்றது 1885-ல். இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரத்தில் ஸ்டார்லி என்பவர் செய்த 'ரோவர்' வண்டி அது. மூன்று வருஷம் கழித்து, 1888-ல், டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்தார். அப்புறம் கம்பெனிகளுக்குள் ஒரே போட்டி. பாரிஸ் நகரத்துச் சுவர்களில் பெரிய பெரிய கலர் சுவரொட்டிகள். அவற்றைச் சாதாரண ஆட்கள் வரையவில்லை. துலூஸ்-லோத்ரெக் என்ற புகழ்பெற்ற ஓவியர் 1896-ல் சிம்சன் கம்பெனியின் செயினுக்குச் சுவரொட்டி வரைந்து கொடுத்திருக்கிறார். முக்கா என்ற ஓவியர் 1902-ல் 'பெர்ஃபெக்டா' சைக்கிளுக்கு வரைந்த படம் இன்றும் அச்சாகிக்கொண்டிருக்கிறது. அதில் ஒரு பெண், கூந்தல் காற்றில் பறக்க, ஹாண்டில் பார்மேல் சாய்ந்திருக்கிறாள். வண்டி முழுசாகக்கூடத் தெரியாது. பெண்ணும் காற்றும்தான் படம்.

இதில் ஒரு வேடிக்கை. சுவரில் இப்படிப் படம் ஒட்டிக்கொண்டிருந்த அதே காலத்தில், சைக்கிள் ஓட்டினால் பெண்களுக்கு முகம் கோணிப் போகும், கண் பிதுங்கும் என்று டாக்டர்கள் சிலர் மிரட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த வியாதிக்கு 'சைக்கிள் முகம்' என்று பேர்கூட வைத்திருந்தார்கள்! அப்படி ஒரு வியாதி இல்லவே இல்லை என்பது பிறகு எல்லாருக்கும் தெரிந்தது. இன்றைக்கு உலக சுகாதார நிறுவனம், பெரியவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிஷம் உடம்பு அசைகிற காரியம் செய்ய வேண்டும் என்கிறது. தினம் அரைமணி நேரம் சைக்கிள் மிதித்தால் ஐந்து நாளில் அந்தக் கணக்கு தீர்ந்துவிடும்.

கம்பெனிக்காரர்கள் பெண்ணை வரைந்தது விற்பனைக்காகத்தான். பெண் விடுதலைக்காக இல்லை. வாஸ்தவம். ஆனால் தெருவில் போகிற ஒரு பெண் அந்தச் சுவரைப் பார்க்கிறாள். 'ஓ, இப்படியும் இருக்கலாமா' என்று ஒரு நினைப்பு வருகிறது. டாக்டர் சொன்னது காதில் விழுகிறது. சுவரில் கண்டது கண்ணிலேயே நிற்கிறது.

அப்புறம் வந்த கலைஞர்கள் சைக்கிளையே சிலையாக்கினார்கள். மார்செல் டுஷாம்ப் 1913-ல் ஒரு சக்கரத்தைத் தலைகீழாக முக்காலியின் மேல் நிறுத்தினார். பிக்காசோ 1942-ல் ஒரு பழைய சீட்டையும் ஹாண்டில் பாரையும் சேர்த்து மாட்டுத் தலை செய்தார். சீட்டுதான் முகம், ஹாண்டில் பார்தான் கொம்பு. மாட்டுப் பொங்கல் கொண்டாடுகிற நமக்கு அதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டாம். நம் நாட்டில், பீகாரில் பிறந்த சுபோத் குப்தா, பால் கேன் தொங்குகிற சைக்கிளை வெண்கலத்தில் செய்து 'இரண்டு பசுக்கள்' என்று பேர் வைத்தார். சக்கரம், சீட்டு, கேன் எல்லாம் கலையாகிவிட்டது.

கொடி கட்டி வந்த பெண்கள்

நம் தமிழ்நாட்டில் சைக்கிளும் பெண்ணும் சேர்ந்த பெரிய சித்திரத்தை எந்த ஓவியரும் வரையவில்லை. புதுக்கோட்டை மாவட்டத்துப் பெண்கள் ரோட்டிலேயே வரைந்தார்கள். 1991-ல் அங்கே அறிவொளி இயக்கம் வந்தபோது, எழுதப் படிக்கக் கற்றுக்கொடுப்பதோடு சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொடுத்தார்கள். ஷீலா ராணி சுங்கத் அப்போது கலெக்டர். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். 1992 மகளிர் தினத்தன்று ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பெண்கள் ஹாண்டில் பாரில் கொடி கட்டி, மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டை டவுனுக்குள் வந்தார்களாம். கற்பனை செய்து பாருங்கள்! அத்தனை பேரும் சேலையும் தாவணியுமாக, அத்தனை நிறம், அத்தனை கொடி.

அதில் ஒரு சின்ன விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது. லேடீஸ் சைக்கிள் போதாமல் பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளையும் எடுத்து ஓட்டினார்கள். சிலர் அதுதான் சௌகரியம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். முன்கம்பியில் குழந்தையை உட்கார வைத்துக்கொள்ளலாம் அல்லவா! கம்பி என்றால் பெண்ணுக்குத் தடை என்றுதான் நாம் நினைத்திருந்தோம். அவர்கள் அதைத் தொட்டிலாக்கிவிட்டார்கள்.

இதற்கு நாலு வருஷம் கழித்து 1996 தேர்தலில் மூப்பனாரின் தமிழ் மாநில காங்கிரசுக்கு சைக்கிள் சின்னம். நான் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். எந்தச் சுவரைப் பார்த்தாலும் சைக்கிள். சுண்ணாம்பு அடித்த சுவரில் இரண்டு வட்டம், நாலு கோடு. பெயிண்டர் கண்மூடித் திறப்பதற்குள் போட்டுவிடுவார். ஆனால் அந்தச் சைக்கிள் சும்மா நிற்கும். ஏறி ஓட்ட ஆள் இருக்காது. அதைப் பார்க்கும்போதெல்லாம், இதில் ஒரு ஆளை வரைந்தால் யாரை வரைவார்கள் என்று தோன்றும்.

அதற்குப் பதில் சொன்னது அரசாங்கத்தின் இலவச சைக்கிள் திட்டம் என்பது என் அபிப்பிராயம். 2001-02-ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு, பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பில் ஆரம்பித்தது. 2005-06-ல் மற்ற பிள்ளைகளுக்கும் விரிந்தது. இன்று பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் எங்கள் ரோட்டில் நின்றால், இரட்டைச் சடையும் புத்தகப் பையுமாகப் பெண் பிள்ளைகள் வரிசையாக சைக்கிளில் போவதைப் பார்க்கலாம். எல்லாம் ஒரே மாதிரி வண்டி என்பதால் அடையாளத்துக்கு ஒருத்தி ரிப்பன் கட்டியிருப்பாள், ஒருத்தி பழைய வளையலை மாட்டியிருப்பாள், ஒருத்தி மட்கார்டில் நகப்பூச்சால் பூ வரைந்திருப்பாள். குஞ்சலத்தோடு ஏறுகிறவளும் அவளே.

வாசலில் ஒரு சைக்கிள்

போன பொங்கலுக்கு எங்கள் தெருவில் கோலப் போட்டி. என் மகள் சைக்கிள் கோலம்தான் போடுவேன் என்று பிடிவாதம் பிடித்தாள். புள்ளி வைத்ததும் என் மாமியார் கேட்டார்: "ஏஞ்சாமி, வாசல்ல சைக்கிளப் போட்டா லட்சுமி எப்படி உள்ள வருவா?"

"சைக்கிள்லயே வருவா அப்பத்தா" என்றாள் இவள்.

பரிசு என்னவோ தாமரைக் கோலத்துக்குத்தான் போயிற்று. ஆனால் நின்று பார்த்த கூட்டம் இங்கேதான் அதிகம். விருப்பமுள்ள சகோதரிகள் போட்டுப் பார்க்கலாம். நடுவரிசை 7 புள்ளி, மேலும் கீழும் ஊடுபுள்ளி 4 வரை. இது ஒரு சக்கரம். அதே வரிசையில் மூன்று புள்ளி இடம் விட்டு, இன்னொரு 7 புள்ளிச் சக்கரம். வெளிப்புள்ளிகளை வளைவாகச் சேர்த்தால் டயர். ஆறு மூலையிலிருந்தும் நடுப்புள்ளிக்குக் கோடு இழுத்தால் கம்பி. (அசல் வண்டியில் வழக்கமாக முன்சக்கரத்தில் 32 கம்பி, பின்சக்கரத்தில் 40. கோலத்துக்கு ஆறே போதும்.) பின்சக்கரத்தை ஒட்டி, நடுவே விட்ட இடத்தில் வரும் முதல் புள்ளிதான் பெடல். அங்கிருந்து சற்றுப் பின்னால் சாய்த்து மேலே ஒரு கோடு, அதன் நுனியில் சீட்டு. முன்சக்கரத்தின் நடுவிலிருந்தும் அதே போல் சற்றுப் பின்னால் சாய்த்து மேலே ஒரு கோடு, நுனியில் ஹாண்டில் பார். பெடலிலிருந்து அந்த முன்கோட்டுக்கு ஒரு வளைவு விட்டால் லேடீஸ் சைக்கிள். பின்பக்கம் ஒரு பூக்கூடை. சீட்டில் சேலை கட்டிய பெண்ணை உட்கார வைப்பது உங்கள் கைத்திறமை. தலையணை உறையில் தையல் போடவும் இதே அளவு சரியாக வரும். சக்கரத்துக்குச் சங்கிலித் தையல் பொருத்தம்.

புள்ளி என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. பிரான்ஸ் தேசத்தில் 'டூர் டி பிரான்ஸ்' என்று பெரிய சைக்கிள் பந்தயம் நடக்கிறது. அதில் முன்னணியில் இருப்பவருக்கு 1919 முதல் மஞ்சள் சட்டை. பந்தயத்தை நடத்திய பத்திரிகை மஞ்சள் தாளில் அச்சானதால் அந்த நிறம் என்பார்கள். மலை ஏற்றத்தில் கெட்டிக்காரருக்கோ 1975 முதல் வெள்ளையில் சிவப்புப் புள்ளி வைத்த சட்டை. 2022-ல் ஆரம்பித்த பெண்கள் பந்தயத்திலும் மலையேறுகிறவளுக்கு அதே புள்ளிச் சட்டைதான். செம்மண்ணும் மாக்கோலமும் மாதிரி சிவப்பும் வெள்ளையும்! எங்கள் 70 வளைவையும் ஏறி முடித்து இறங்குகிற பெண்களுக்கு அப்படி ஒரு சட்டை கொடுத்தால் என்ன என்று நினைத்துக்கொள்வேன்.

ஓட்டுகிறவள் பெயர்

இவ்வளவும் எழுதியதற்குக் காரணம் உண்டு. பிளஸ் டூ முடிந்ததும் பெண் பிள்ளைகளின் சைக்கிள் என்ன ஆகிறது என்று உங்கள் தெருவில் பாருங்கள். பையன் சைக்கிளை விட்டால் பைக்குக்குப் போகிறான். பெண் சைக்கிளை விட்டால் பெரும்பாலும் பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறாள். இல்லாவிட்டால் கொண்டுவிட யாராவது வர வேண்டும். அவள் வண்டி மாட்டுக் கொட்டகையில் சாய்ந்து துருப்பிடிக்கிறது.

எங்கள் வீட்டிலும் அந்தப் பேச்சு வந்தது. "காலேஜுக்கு பஸ்ல போறா. இது எதுக்கு இடத்த அடைச்சுக்கிட்டு? எடைக்குப் போட்டுடலாம்" என்றார் எங்கள் வீட்டுக்காரர்.

"ஏனுங்க, பஸ் ஸ்டாப்புக்கு யார் கொண்டுபோய் விடறது? கடைக்குப் போக, ரேஷனுக்குப் போக, அவ தோழி வீட்டுக்குப் போக, ஒவ்வொண்ணுக்கும் உங்களக் கூப்பிடட்டுங்களா?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அது போதும் என்று வண்டியை சேந்தமங்கலத்துக்குக் கொண்டுபோனேன்.

சைக்கிள் கடையில் டியூபும் பிரேக் கட்டையும் மாற்றினார்கள். பிரஷ்ஷில் எழுதுகிற வயசான பெயிண்டர் ஒருவர் இன்னும் இருக்கிறார் என்று கடைக்காரரே சொன்னார். பெயிண்டர் செயின் கவரைக் கழற்றி, மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, உப்புத்தாளால் துருவைத் தேய்த்து எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"யார் பேருங்கம்மா எழுதணும்? அப்பா பேருங்களா, அண்ணன் பேருங்களா?"

"ஓட்டறவ பேர எழுதுங்க" என்றேன்.

அவர் ஒரு நிமிஷம் யோசித்தார். "பொம்பளப் புள்ள பேரு நான் இதுவரைக்கும் வண்டில எழுதுனதில்லீங்க" என்று சொல்லிவிட்டு, சாக்பீஸால் கோடு போட ஆரம்பித்தார். நீலத்தில் அடிப்பூச்சு, மஞ்சளில் எழுத்து, எழுத்துக்கு வெள்ளையில் நிழல், ஓரத்தில் கிளி. கையே நடுங்கவில்லை. பேர் வெளியே தெரிய வேண்டாமே என்று யோசிக்கிற வீடுகளும் உண்டு, அதுவும் நியாயந்தான். அவர்கள் முதல் எழுத்தை மட்டும் எழுதி ஒரு பூப் போட்டுக்கொள்ளலாம்.

இதனால் என்ன பிரயோஜனம் என்று சிலர் கேட்கலாம். பேர் எழுதிய பொருளை எடைக்குப் போட யாருக்கும் சட்டென்று மனசு வராது. தம்பியோ சித்தப்பாவோ எடுத்துக்கொண்டு போனாலும், "அக்கா வண்டிய எடுத்துக்கட்டுமா" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் எடுப்பார்கள். பெண்ணுக்கும் 'இது என்னுடையது, இதைத் துடைத்து வைக்க வேண்டும், ஓட்ட வேண்டும்' என்று ஒரு நினைப்பு இருக்கும். பாரிஸ் சுவரொட்டி செய்த காரியத்தை இந்தச் சின்னத் தகடும் செய்யும்.

உங்கள் வீட்டில் பிளஸ் டூ முடித்த பெண் இருந்தால், வண்டியை வெளியே எடுத்து வெயிலில் நிறுத்துங்கள். செயினுக்கு எண்ணெய் விடுங்கள். சீட்டின் உயரத்தைச் சரி பாருங்கள். பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் லேசாக மடங்கி நிற்க வேண்டும், இல்லாவிட்டால் முட்டி வலிக்கும். பேர் எழுத எனக்கு ஆன செலவு ஐம்பது ரூபாய். பெயிண்டர் கிடைக்காத ஊரில் கோலம் போடுகிற கை போதாதா? எனாமல் பெயிண்ட் சின்ன டப்பா ஒன்றும் மெல்லிய பிரஷ் ஒன்றும் வாங்கிக்கொண்டு, அவள் பேரை அவளையே எழுதச் சொல்லுங்கள்.